மாத்திரையும் கல்யாணக் கவுனும்

ஆலோசனை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்திலிருந்து எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். ரத்த அழுத்தம் எப்படிப் பார்ப்பது, எந்த மாத்திரை யாருக்கு ஆகாது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் தலையிடப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குடும்பநல ஆலோசனை அறையில் இருபத்தேழு வருஷம் நர்ஸாக உட்கார்ந்திருந்தேன். அங்கே என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "இதப் போட்டா கண்டிப்பா புள்ள தங்காதா?" என்பதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. "உடம்பு போட்டுடுமா சிஸ்டர்?" என்பதுதான். பிள்ளை பிறந்தால்கூட வளர்த்துவிடலாம், இடுப்பு பெருத்தால் என்ன செய்வது என்கிற கவலை. நானும் பெண்தான், அந்தக் கவலையைக் கேலி செய்ய மாட்டேன்.

உப்பளம் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கருத்தடை மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வந்ததும் மாத்திரை அட்டையை என் மேஜைமேல் போட்டாள்.

"இந்தாங்க உங்க மாத்திர. மூணு மாசத்துல ஆறு கிலோ. தங்கம் வெல கூட இப்பிடி ஏறாது."

எடை பார்த்தேன். எங்கள் இயந்திரம் அறுபது காட்டியது.

"முன்னாடி எவ்ளோ இருந்தீங்க?"

"அம்பத்தி நாலு."

"எங்க பாத்தீங்க?"

"எங்க கடையிலதான். இவரு பழைய பேப்பர் கட வச்சிருக்காரு."

அவள் வந்த வேகத்தில் நான் வெளியே அனுப்பத் தவறிய 'இவர்' கதவோரம் நின்று சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். மனைவி சொன்ன பதில் என் மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் அவர் முகத்துக்கு எட்டிவிட்டது. வீட்டில் பத்து கிலோ இருக்கிற பேப்பர் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒன்பதாகிவிடும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தராசு மனைவி என்றும் பார்க்காமல் பத்துக்கு ஒன்று சாப்பிட்டிருக்கிறது. மாத்திரை பாவம், எதையும் ஏற்றவில்லை.

அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் உப்பளம் பக்கம்தான், எல்லோரும் பழைய பேப்பர் போடுகிறவர்கள்தான். கணவர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொன்னால் மாத்திரையின் பெயர் தப்பிக்கும், அந்தக் குடும்பத்தின் பிழைப்பு அன்றே முடியும். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் உப்பளம் முழுக்க மாத்திரையின் பெயர் கெடும்.

"தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும்மா" என்றேன். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இங்கயே பாத்திருக்கணும். இன்னிலேர்ந்து இதே மெஷின்ல, இதே மாதிரி காலையில பாப்போம். ஏறுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

"அப்ப எங்க தராசு தப்புன்றீங்களா?"

"பழசானா கொஞ்சம் தளந்துபோவும்."

"தளந்துபோச்சு" என்றார் கணவர் அவசரமாக. "மாத்திடறேன்."

அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் அவள் எடை அறுபதிலேயே நின்றது. மாத்திரையைத் தொடர்ந்தாள். அதன்பிறகு அந்தக் கடையில் நான் போடுகிற பேப்பர் மட்டும் வீட்டில் இருந்ததைவிட அதிக எடை காட்டியது. நான் வேறு கடைக்கு மாறிக்கொண்டேன்.

எடை கூடியது என்று யாராவது சொன்னால் மறுக்காதீர்கள். எந்தத் தராசில் பார்த்தாள் என்று முதலில் கேளுங்கள். வாதத்தில் ஜெயிப்பது உங்கள் வேலை இல்லை. மறுபடியும் அவள் உங்களிடம் வரவேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு சாமர்த்தியமாக இருந்த நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன மாதம் நடந்தது. இதை எழுதும்போதுகூடப் பக்கத்து அறையில் என் மகள் தும்மினால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

என் மகள் ஜெனிக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு மிக அதிகம். போன வருஷம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தாள். நம் ஆஸ்பத்திரி டாக்டர் பரிசோதித்துவிட்டு ஹார்மோன் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கருத்தடைக்காக நாம் கொடுக்கிற அதே மாத்திரைதான். ரத்தப்போக்கையும் அது கட்டுப்படுத்தும். சில மாதத்தில் பெண்ணின் முகத்தில் களை வந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான். ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த மாத்திரை வாங்க முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையை விட்டுவிட்டு உப்பளம் வரை போனேன். மழை இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, "வணக்கம் சிஸ்டர். குடைய மடக்குங்க, ஃபேன்ல இடிக்குது" என்றார். அங்கேயும் என்னைத் தெரிந்திருந்தது.

"யாருக்கு சிஸ்டர்?"

"ஒரு பேஷண்டுக்கு."

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே."

அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி குடையை விரித்தேன். அடுத்த மாதம் ஜெனியின் அப்பாவை அனுப்பினேன். அவர் தெருமுனைக் கடையிலேயே எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு இருமல் மருந்தும் வாங்கிவந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அப்புறம் ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நல்ல பையன். இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை. வேலை இருந்தது கவுனுக்கு. பிரான்ஸில் இருக்கும் என் நாத்தனார்தான் ஞானஸ்நானத்தன்று ஜெனியைக் கையில் ஏந்திய ஞானத்தாய். அத்தையைப் பிரெஞ்சு வழக்கப்படி ஜெனி தாந்த் என்று கூப்பிடுவாள். ஞானத்தாய் கொடுக்கிற கவுனைப் போட்டுக்கொண்டுதான் பெண் கோயிலுக்குள் நுழைய வேண்டும் என்பது ஜெனி அப்பா வீட்டு வழக்கம். நாத்தனார் தன் கையாலேயே தைப்பதாகச் சொல்லி வாட்ஸப்பில் அளவு கேட்டார். ஜெனி அனுப்பினாள். அப்போது தனக்கு இருந்த அளவை அனுப்பவில்லை; கல்யாணத்தன்று தனக்கு இருக்கப்போகிறது என்று அவள் முடிவு செய்துவைத்திருந்த அளவை அனுப்பினாள்.

கவுன் வந்தது. வெள்ளை வெளேரென்று, முதுகில் ஒரு நீண்ட ஜிப்புடன். போட்டுப் பார்க்க டெய்லர் செலின் அக்காவின் கடைக்குப் போனோம். ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது. செலின் அக்கா ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறவர். என் தொழிலிலும் அவருக்குக் கருத்து உண்டு.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். எத்தினி கல்யாணப் பொண்ணுங்களப் பாத்திருக்கேன். ஜிப்பு ஏறலன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு வாயி, இன்னொண்ணு மாத்திர."

"மாத்திரையா?" என்றாள் ஜெனி.

"ஆமா கண்ணு. அந்த மாதிரி மாத்திர போட்டா உடம்பு எறங்கவே எறங்காது. பட்டினி கெடந்தாலும் எறங்காது. என் தங்கச்சி போட்டா. இப்ப அவளுக்கு ஒரு ரவிக்க தெக்கறதுக்கு ஒன்றர ரவிக்கத் துணி ஆவுது."

ஜெனி என்னைப் பார்த்தாள். நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் கூப்பிட்டுப் பிரியாணி போட்டதையும், ஒரு வீட்டிலும் இவள் வேண்டாம் என்று சொல்லாததையும் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ரத்தம் குறைந்து பசியே இல்லாமல் இருந்தவளுக்கு இப்போதுதான் ஒழுங்காகப் பசிக்கிறது, அதனால்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது என்று விளக்கியிருக்கலாம். என்ன கேள்விப்பட்டாய், என்ன பயப்படுகிறாய் என்று கேட்டிருக்கலாம். அப்படித்தான் உங்களுக்கு முன் வந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

நான் சொன்னது இது: "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. வாய மூடிட்டு மாத்திரையப் போடு."

வீட்டுக்கு வந்ததும் அவள் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு ரீலில் ஒரு அக்கா மாத்திரையை விட்ட மறுமாதமே ஊதின பலூனில் காற்றுப் போன மாதிரி இளைத்திருந்தாள். "இவங்க பொய் சொல்றாங்களா மம்மி?"

"எனக்கு இருவத்தேழு வருஷம் சர்வீஸு. அவ எத்தன வருஷம்?"

"அவங்களுக்கு நாலு லட்சம் ஃபாலோயர்ஸ்."

"எனக்கு பென்ஷன் வருது."

இப்படித்தான் பேசிக்கொண்டோம். ஜெனியின் அப்பா நடுவில் வந்து, "கவுன ஒண்ணும் பண்ணிடாதீங்க, எங்கக்கா என்னக் கொன்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஜெனி சண்டை போடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மாத்திரை போட்டாயா என்று தினமும் கேட்பேன், போட்டேன் என்பாள். காலையில் வெள்ளரிக்காய், மதியம் மோர், இரவில் மறுபடியும் வெள்ளரிக்காய். பீச்சில் நடந்துவிட்டு வந்து தினமும் எடை பார்ப்பாள். எண் குறைந்தால் பாட்டுப் பாடுவாள், கூடினால் இயந்திரத்தைத் தூக்கி வேறு தரையில் வைத்துப் பார்ப்பாள். அவள் மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். டயட் என்று நினைத்துக்கொண்டேன். வேறொருவர் பெண்ணாக இருந்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று கீழ் இமையை இழுத்துப் பார்த்திருப்பேன்.

இரண்டாம் முறை செலின் அக்கா கடைக்குப் போனோம். ஜெனி கவுனுக்குள் நுழைந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். செலின் அக்கா ஜிப்பை இழுத்தார். அது பாதி முதுகைத் தாண்டி, தோள்பட்டை வரை வந்து, மேலே போய் நின்றது. கடையில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கை தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெனி சரிந்தாள்.

வேலையில் இருந்தபோது எத்தனையோ பெண்கள் என் கண்முன் மயங்கி விழுந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை நிறுத்தாமல் தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிடுவேன். அன்று நான் சுவரில் சாய்ந்துகொண்டு என்ன கத்தினேன் தெரியுமா? "யாராவது ஒரு நர்ஸைக் கூப்பிடுங்க."

செலின் அக்கா வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். "சிஸ்டர். நீங்கதான் நர்ஸு."

அதைக் கேட்டபிறகுதான் எனக்குக் கை வேலை செய்தது. படுக்கவைத்தேன். காலைத் தூக்கித் துணிமூட்டைமேல் வைத்தேன். நாடி வேகமாக, மெல்லியதாக ஓடியது. மூச்சு விடமுடியாதபடி கவுன் நெஞ்சை இறுக்கியிருந்தது. ஜிப்பைக் கீழே இழுத்தேன். நகரவில்லை. செலின் அக்கா யாரையும் எதையும் கேட்கவில்லை. பெரிய கத்திரிக்கோலை எடுத்து, பிரான்ஸிலிருந்து வந்த கவுனை முதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினார். ஜெனி கண் திறந்தாள்.

"ஜிப்பு ஏறிச்சா?" என்றாள்.

அப்போதுதான் சொன்னாள், மாத்திரையை விட்டு மூன்று வாரமாகிறது என்று. நிறுத்திய சில நாளில் பழையபடி ரத்தப்போக்கு. இரண்டு வாரமாக நிற்கவில்லை. என்னிடம் சொன்னால் கத்துவேன் என்று சொல்லவில்லை. நான் கத்தவில்லை என்று எழுத ஆசைதான். ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரை கத்திக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் வழியில் ஒருமுறை, "போதும்மா, பொண்ணு பாவம்" என்றார். அவரிடமும் கத்தினேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மருந்து கொடுத்து ரத்தப்போக்கை அடக்கினார்கள். ரத்தம் ஏற்றவேண்டிய அளவுக்கு ஹீமோகுளோபின் இறங்கவில்லை, ஆனால் அதற்கு அதிக தூரமும் இல்லை. "இன்னொரு மாசம் இப்படிப் போனா ரத்தம் ஏத்தித்தான் ஆகணும். கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு நிக்கணும்ல?" என்றார். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஜெனி சுவரைப் பார்த்தபடி, "போட மாட்டேன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் அவசரமாக, "கவுன்சலிங் ரூமுக்கு அனுப்புங்க" என்றார்.

இருபத்தேழு வருஷம் நான் உட்கார்ந்திருந்த அறை. இப்போது உங்களில் ஒருத்தி அங்கே இருந்தாள். பெயர் சொல்லப் போவதில்லை. எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். நாற்காலி இழுத்துப் போட்டு ஜெனியை உட்காரவைத்தாள். நான் பக்கத்து நாற்காலியை இழுத்தேன்.

"மேடம், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்."

"நானா?"

"ஆமா மேடம்."

"நான் இவ அம்மா."

"தெரியும் மேடம். அதனாலதான்."

பேஷண்டை முதலில் தனியாகப் பார், கூட வந்தவர் யாராக இருந்தாலும் வெளியே அனுப்பு என்பது இந்த அறையின் விதி. அழுதவர்களை அனுப்பியிருக்கிறேன். வட்டச் செயலாளர் என்று சொல்லிக்கொண்டவரை அனுப்பியிருக்கிறேன். 'நான் இவ அம்மா' என்று சொன்னவர்களை அதிகம் அனுப்பியிருக்கிறேன். வெளியே வந்தேன். கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது; எப்போதும் ஒரு விரல் இடுக்கு இருக்கும்; உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது என்று நான் வருஷக்கணக்கில் எழுதிக் கேட்டேன், யாரும் சரிசெய்யவில்லை. நான் ஓய்வு பெற்றபிறகு சரிசெய்திருந்தார்கள். ஒரு சத்தம் வெளியே வரவில்லை.

பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற தேசம்மா. பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது அவர் இளைய மருமகள் சுகன்யா.

"இன்னா சிஸ்டர், உன்னியே வெளிய தள்ளிட்டாங்களா?"

"தள்ளல. பேசிட்டு இருக்காங்க."

"அதான், தள்ளிட்டாங்க. ஒக்காருங்க." தள்ளி இடம் விட்டார். "என் மூத்த மருமவளக் கூட்டினு வந்தப்ப என்னிய இதே பெஞ்சுல ஒக்கார வச்சீங்க. ரெண்டு மணி நேரம்."

"அரை மணிதான் இருக்கும்."

"உள்ள இருந்தவளுக்கு அர மணி. வெளிய ஒக்காந்தவளுக்கு ரெண்டு மணி."

நான் கதவைப் பார்த்தேன்.

"உள்ள எங்களப் பத்திதானே பேசுவீங்க?" என்றார் தேசம்மா.

"மாமியாருங்களப் பத்திப் பேச எங்களுக்கு ஏது நேரம்?"

"சத்தியமா?"

சத்தியமாக என்று சொல்ல முடியவில்லை. உள்ளே வந்து உட்காரும் பெண்களில் பாதிப் பேர் முதல் கால் மணி நேரம் அதைத்தான் பேசுவார்கள். இப்போது உள்ளே இருப்பவள் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். நான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எல்லாமே ஒரு வெளியாளிடம் சொன்னால் நன்றாக இருக்காத வார்த்தைகள்.

"தண்ணி குடிக்கப் போற மாதிரி ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்க" என்றார் தேசம்மா. "நான் அப்பிடித்தான் போனேன். ஒண்ணும் கேக்காது. ஆனா போய்ட்டு வந்தா ஒரு ஆறுதல்."

போய்விட்டு வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதலும் இல்லை.

சுகன்யா என் பக்கம் சாய்ந்தாள். ஒரு குழந்தை இருக்கிறது, அடுத்தது இப்போது வேண்டாம் என்று மாத்திரை கேட்க வந்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு போட்ட உடம்பைக் குறைக்கத் தினமும் கடற்கரையில் நடக்கிறாளாம்.

"இப்பத்தான் கொஞ்சம் கொறையுது சிஸ்டர். மாத்திர போட்டா மறுபடி ஏறிடுமா? எறங்கவே எறங்காதுன்றாங்க."

நான் திரும்பி உட்கார்ந்தேன். என்னை அறியாமலே குரல் இறங்கியது.

"யாரு சொன்னாங்க? என்ன சொன்னாங்க?"

சொன்னாள். முழுதாகக் கேட்டேன்.

"நீங்க பயப்படறது சும்மா இல்ல. நெறைய பேரு அப்பிடித்தான் சொல்றாங்க. ஆனா இந்த மாத்திரையால பெருசா எடை ஏறுதுன்னு உறுதியா தெரியல. எடை கொறையறத அது தடுக்குதுன்னும் தெரியல. ஆரம்பத்துல சிலருக்கு உடம்புல கொஞ்சம் நீர் கோத்துக்கும், ஜாக்கெட்டு இறுக்கும். அது கொழுப்பு இல்ல, பெரும்பாலும் கொஞ்ச நாள்ல சரியாயிடும். மூணு மாசத்துக்கு ஒருக்கா போடற ஊசி இருக்கே, அதுல சிலருக்கு நெஜமாவே எடை ஏறுது. அத ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

"எனக்கு எப்பிடி ஆவும்?"

"அத என்னால சொல்ல முடியாதும்மா. ஒங்க ஒடம்பு எப்பிடி எடுத்துக்கும்னு போட்டுப் பாத்தாதான் தெரியும். இன்னிக்கு எடை பாத்துக்குங்க. ஒத்துக்கலன்னு தோணினா வந்து சொல்லுங்க, வேற வழி இருக்கு. நீங்களா நிறுத்திடாதீங்க, அவ்ளோதான். நடக்கறத விடாதீங்க. நல்லா இருக்கீங்க, சும்மா சொல்லல."

சுகன்யா சிரித்தாள். தேசம்மாவின் பார்வை எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். கதவு திறந்திருந்தது. ஜெனி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"வீட்ல ஏன் இப்பிடிப் பேச மாட்டேங்கற மம்மி?"

"அவ என் பொண்ணு இல்லயே."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் வந்தது. தேசம்மா மட்டும், "அது சரி" என்றார். ஜெனி சிரிப்பாள் என்று நினைத்தேன், அழுதாள். அப்புறம் சிரித்தாள். நான் எழுந்து, செய்ய வேறொன்றும் தோன்றாமல், அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

கவுன் விஷயம் எளிதாக முடிந்தது. முதுகு வெட்டுப்பட்ட கவுனில் இனி ஜிப் வைக்க முடியாது என்று செலின் அக்கா இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு வெள்ளை நாடா கோத்துக் கட்டுகிற மாதிரி மாற்றித் தைத்துவிட்டார். அறுபது கிலோவுக்கும் கட்டலாம், எழுபது கிலோவுக்கும் கட்டலாம். நாத்தனாரிடம் வீடியோ காலில் எல்லாவற்றையும் சொன்னோம். "நான் அளவுதானே கேட்டேன், நீ ஆசைய அனுப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். தன் அக்காவுக்குப் பயந்து மொட்டை மாடியில் இருந்த ஜெனியின் அப்பாவைக் கீழே கூப்பிட்டோம்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது ஜெனி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"மாத்திர போடறேன்" என்றாள். "ஆனா உள்ள என்ன பேசினோம்னு கேக்காத."

"சரி."

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள், "ஏன் கேக்கக் கூடாது?" என்றேன்.

"மம்மி."

"சரி, சரி."

அன்றிலிருந்து போடுகிறாள். போட்டாயா என்று நான் கேட்பதில்லை. சாயங்காலம் அவள் அறையில் அட்டை முறிகிற சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை வேறு வேலை ஓடாது. முகத்தில் மறுபடியும் களை வருகிறது. எடையும் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். எந்தத் தராசில் என்று நான் கேட்கவில்லை. எது அவள் மனதை மாற்றியது? மருத்துவ விளக்கமா, கல்யாணத்தன்று விழுந்துவிடுவோம் என்ற பயமா, அல்லது என்னைப் பற்றிக் கொட்டித் தீர்த்ததா? எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்துகொள்வது என் உரிமை என்று பழகிவிட்டேன். தெரியாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

அன்று அந்த அறையில் இருந்தவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற சாக்கில் உனக்குப் போன் செய்தேன். நீ உன் உடம்பைப் பற்றி விவரமாகச் சொன்னாய். கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் நேரிலேயே வந்தேன். நீ காபி வாங்கிக் கொடுத்தாய், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாய், மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுங்கள் மேடம் என்று கேட்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாய். உனக்கு யாரும் இனிமேல் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

நான் மறுபடியும் வருவேன். ஜெனி உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. என்ன சாக்கு என்று இன்னும் யோசிக்கவில்லை. அழுதாலும் அழுவேன். அப்போதும் சொல்லாதே.